அடப்பங்கொடிச் சாறு

மில்லர்புரத்தில் எங்கள் வாசல் தொட்டியில் சீனிக்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளிக் கொடி இன்று பூத்திருந்தது. கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடியும் அதே குடும்பம்தான். பூவும் அதே புனல் வடிவம். பார்த்ததும் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். கடலில் குளித்த அக்கா பிலோமியின் கழுத்தில் நஞ்சுள்ள ஜெல்லி மீனான சொறிமீன் சுற்றிக்கொண்டது. அப்பா கரைக்குத் தூக்கிவந்தபோது அவளால் கத்தக்கூட முடியவில்லை. அப்பா ஆட்டோ பிடிக்க ஓடினார். அம்மா அடப்பங்கொடியைப் பிய்த்து, இலையைக் கல்லில் நசுக்கி, சாற்றைக் கழுத்தில் பிழிந்தாள்.

"ஏளா, கண்ண மூடாத. என்னயப் பாரு."

ஆஸ்பத்திரி வாசலில்தான் அக்கா வாய் திறந்தாள்.

"எம்மா, எரியுது."

அதைக் கேட்டு அம்மா சிரித்தாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அக்கா இப்போதும் கடலில் குளிக்கிறாள். அவள் கரையேறும்வரை அம்மா உட்காருவதில்லை.