பிள்ளையார் தட்டும் நனைந்த சுவரும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மாதக் கடைசியில், லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது இது. நானும் என் மச்சாளும், அதாவது என் கணவரின் தங்கையும், ஒரு மாதத்துக்கும் மேலாக ஸ்கொட்லாந்தைச் சுற்றிவிட்டு அப்போதுதான் வந்திருந்தோம். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற ஒரு பழைய மோட்டார் ஹோமில்தான் போனோம். ஓட்டியது நான். கவுன்சில் பள்ளிக்கூட மினிபஸ் ஓட்டுகிறவள் என்பதால் பெரிய வண்டி என்றால் எனக்குப் பயமில்லை.

வண்டியை வாங்கியவர் என் கணவர். வேலையை விட்டதும் இந்த நாட்டை ஒரு சுற்றுச் சுற்றவேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. வாங்கிய கையோடு கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்வித்து, சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் நசுக்கி, வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன மரத்தட்டைப் பூட்டிப் பிள்ளையாரை இருத்தினார். பிறகு ஒரே ஒரு தடவை கடற்கரைக்குப் போய்வந்தோம். அடுத்த மாசியில் அவருக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் பார்க்காத ஊர்களை நானாவது பார்க்கவேண்டும் என்ற பிடிவாதத்தில்தான் அந்தப் பயணம் போனேன். போன இடமெல்லாம் மழை. ஆனாலும் சந்தோசமாகத்தான் இருந்தோம். சுற்றுவது சுகம், சுற்றிவிட்டு வந்தபின் வண்டியைக் கவனிப்பதுதான் சீவன் போகிற வேலை. தண்ணீர்த் தாங்கியை வடியவிடவேண்டும், இல்லாவிட்டால் பனிக்காலத்தில் குழாய் வெடிக்கும். கூரையில் பிடித்த பாசியைத் தேய்க்கவேண்டும். கழிப்பறைப் பெட்டியைக் கழுவவேண்டும். அதற்கு மச்சாள் இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தாள், ஆனால் கிட்ட வரவில்லை. தூர நின்று அறிவுரை சொன்னாள்.

எல்லாம் முடிந்தும் வண்டிக்குள் ஒரு மணம் போகவில்லை. மச்சாள் கொண்டுவந்த கருவாடுதான் காரணம் என்று நான் அடித்துச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்ர கருவாட்டை ஸ்கொட்லாந்திலேயே முடிச்சாச்சு. நாக்கைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டது ஆர்? இப்ப பழி எனக்கோ?”

மெத்தை உறை, திரைச்சீலை எல்லாம் தோய்த்தோம். மணம் அப்படியே இருந்தது. மச்சாள் தினமும் வேலை முடிந்து வந்து பிள்ளையாருக்கு முன்னால் சாம்பிராணி போட்டாள். சாம்பிராணி இருக்கிற நேரம் கோயில்போல இருக்கும், அடங்கியதும் பழையபடி புழுங்கல் வாடை. ஒருநாள் கட்டிலில் சாய்ந்தபோது தட்டுக்குக் கீழே சுவர் மெத்தென்று அமுங்கியது. தட்டைக் கழற்றிப் பார்ப்போமா என்று கேட்டேன்.

“அதில கை வையாதேங்கோ மச்சாள். அண்ணை தன்ர கையால பூட்டினது. பிள்ளையாரை எழுப்பக் கூடாது” என்று கண் கலங்கினாள். உண்மையைச் சொன்னால், கழற்ற எனக்கும் மனம் வரவில்லை.

மகள் போனில், “அம்மா, பேசாமல் வித்துப்போட்டு நிம்மதியா இருங்கோ” என்றாள். ஒருத்தியாக நின்று இந்தப் பழைய வண்டியோடு மாரடிக்க ஏலாது என்று எனக்கும் தோன்றியது. ஆனால் விற்றுவிட்டால் அவர் ஆசைப்பட்டு வாங்கியது என்று என்னிடம் வேறொன்றும் மிஞ்சாது. அழுதுகொண்டேதான் இணையத்தில் விளம்பரம் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லூயிஷாமிலிருந்து ஒரு பெண் பார்க்க வந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை. ஒரு சின்னப் பழைய வான் வண்டியைத் தானே திருத்தி ஓட்டிக்கொண்டிருந்தாளாம், குழந்தைகள் வளர்ந்துவிட்டதால் பெரியது தேடுகிறாளாம். வந்ததும் வராததுமாகப் பலாப்பழம் வாங்குகிறவளைப்போலச் சுவரைத் தட்டிக்கொண்டே போனாள். பிள்ளையாரிடம் வந்ததும் நின்றாள். கையில் இருந்த ஈரம் பார்க்கிற கருவியைச் சுவரில் வைத்தாள். அது கத்திக்கொண்டே இருந்தது.

“அக்கா, சாமியைக் கொஞ்சம் எடுத்து வெக்கலாமா?”

“ஐயோ, ஏலாது!” என்று மச்சாள் குறுக்கே பாய்ந்தாள்.

அந்தப் பெண் கீழே இறங்கி வண்டியின் வெளிப்பக்கம் போனாள். தட்டு இருக்கிற இடத்துக்கு நேரே வெளியே ஒரு பெரிய மயில் ஸ்டிக்கர். அவர்தான் ஒட்டியிருந்தார். இவ்வளவு பெரிய வண்டியில் மயிலை ஏன் இந்த மூலையில் ஒட்டினீர்கள் என்று அப்போதே கேட்டிருந்தேன். அழகுக்கு என்றார். நானும் நம்பினேன்.

அவள் மயிலின் தோகையை மெல்ல உரித்தாள். அதன் அடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள். இரண்டிலும் துருப்பிடித்த ஆணி முனைகள், அரத்தால் ராவிய அடையாளத்தோடு.

“ஸ்க்ரூ ரொம்ப நீளம் அக்கா. வெளியவே வந்துருச்சு. அந்த வழியாத்தான் மழை மொத்தமும் உள்ள போயிருக்கு. அண்ணன் ராவிட்டு மேல ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிருக்காரு.”

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே பொல்லாத கோபம் வந்தது. முற்றத்தில் நின்று, அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர் பார்க்கப் பார்க்க, அந்த மயிலிடம் கத்தினேன்.

“இஞ்சேருங்கோ! இவ்வளவு நீள ஆணி பூட்டச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது? பூட்டினதும் பூட்டினீங்கள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! மயிலாம், அழகாம்!”

அவர் போனபிறகு நான் அவரோடு சண்டை பிடித்தது அதுதான் முதல் தடவை. மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். “சின்ன வயசிலயும் உப்பிடித்தான். உடைச்சுப்போட்டு மேல துணியை மூடி விடுவார்” என்றாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து அழுதோம்.

அந்தப் பெண் நாங்கள் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: “அக்கா, நான் வாங்கினா முதல் வேலையா இந்தத் தட்டைத்தான் கழட்டுவேன். யார் வாங்கினாலும் அதைத்தான் செய்வாங்க. ஆனா உங்களைப் பாத்தா விக்கிறவங்க மாதிரி தெரியலையே. சனிக்கிழமை வர்றேன், சேந்து பிரிச்சுப் பாப்போம். உள்ள கட்டை முழுக்கப் போயிருந்தா வித்துருங்க, நானே வாங்கிக்கிறேன். கொஞ்சம்தான்னா சரி பண்ணிடலாம்.”

வண்டி வாங்க வந்தவள் வாங்காமல் போகிற வழியைத் தானே காட்டிவிட்டுப் போனாள். அந்த வாரம் முழுக்க எனக்கு நித்திரை சரியில்லை. யாரோ ஒருவர் கழற்றத்தான் போகிறார் என்றால், அது என் கையாக இருக்கட்டும் என்று மட்டும் முடிவு செய்திருந்தேன்.

சனிக்கிழமை மச்சாள் குளித்துவிட்டு வந்து, கற்பூரம் கொளுத்தி, “கொஞ்சம் எழும்புங்கோ அப்பனே, திருப்பி இருத்துறம்” என்று பிள்ளையாரைத் தானே தூக்கினாள். நான் ஆணிகளைக் கழற்றினேன். சுவர்ப் பலகை தேத்தண்ணியில் ஊறிய பிஸ்கட் மாதிரிக் கையோடு வந்தது. உள்ளே மரச்சட்டம் கறுத்திருந்தது. அந்தப் பெண் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து, என்னையே குத்திப் பார்க்கச் சொன்னாள். குத்திய இடமெல்லாம் பொதபொதவென்று உள்ளே போனது. மச்சாள் முருகா முருகா என்று முணுமுணுத்தாள். இன்னும் கொஞ்சம் கீழே, ஜன்னல் மூலைக்குக் கிட்ட, டக்கென்று கேட்டது. ஸ்க்ரூ டிரைவர் இறங்க மறுத்தது. அதற்கு அப்பால் எங்கே குத்தினாலும் அதே சத்தம்தான்.

“தப்பிச்சுது அக்கா! இங்கிருந்து நல்ல கட்டை!” என்று அவள் கத்தினாள். நான் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன்.

மார்கழி முழுக்க ஈரம் உறிஞ்சுகிற மெஷின் வண்டிக்குள் இரவு பகலாக ஓடியது. உக்கிய கட்டையை வெட்டி எடுத்துப் புதுக்கட்டை வைத்தோம், வெளி ஓட்டைகளைத் தண்ணீர் புகாதபடி அடைத்தோம், புதுப்பலகை பூட்டினோம். ஆணியின் நீளத்தை ஒவ்வொரு தடவையும் மச்சாள் அளந்து பார்த்துத்தான் தந்தாள். பிள்ளையார் இப்போது முன்கண்ணாடிக்குக் கீழே இருபக்கம் ஒட்டுகிற டேப்பில் இருக்கிறார். வசந்தத்தில் வண்டி எம்ஓடி என்கிற வருடாந்தச் சோதனையில் பாசானதும் முதல் பயணம் அந்தப் பெண்ணின் குடும்பத்துக்குத்தான். சாவியைக் கொடுத்தேன், வேல்ஸ் போய்வந்தார்கள்.

அவர் போன நாளிலிருந்து எல்லோரும் அவரைப் பற்றி நல்லதை மட்டும்தான் சொன்னார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல யாரோ தெரியாத ஒரு பெரிய மனிதரைப் பற்றிப் பேசுகிறமாதிரியே இருந்தது. ஆணி பூட்டத் தெரியாத, அதை ஒத்துக்கொள்ளவும் தெரியாத மனிதனோடுதான் நான் அத்தனை வருடம் குடும்பம் நடத்தினேன்; அந்த மனிதனைத் திட்டுகிற உரிமை எனக்கு இன்னும் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், அவரை அழாமல் நினைக்க முடிகிறது.