மனைவிக்கு எழுதிய வசனம்

மருந்துக்கடையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்ததில் அவருக்குக் கம்பவுண்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் படிப்பெல்லாம் அவர் படித்ததில்லை. வந்த புதிதில் யாரோ அப்படிக் கூப்பிட்டார், இவரும் திரும்பிப் பார்த்துவிட்டார். பகல் முழுக்கக் கடையில் வாய் ஓயாது. வீட்டுக்கு வந்தால் பேச்சு வராது. மனைவி இருந்த காலத்திலும் அப்படித்தான்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு காலையில் அவள் துணிமணியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஏன் என்று அவள் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கோபம் தணிந்தால் வருவாள் என்று இருந்துவிட்டார். வரவில்லை.

நூலகத்து நாடகக் குழு புது நாடகம் கேட்டு அறிவிப்பு ஒட்டியபோது அவர் எழுத உட்கார்ந்தார். கணவன், மனைவி, ஒரே ஒரு சமையலறை. முடிவில் மனைவி வாசலில் நின்று, தான் ஏன் போகிறேன் என்று இரண்டு பக்கம் பேசுகிறாள். அந்த இரண்டு பக்கத்துக்கு மட்டும் எட்டு மாதம் பிடித்தது.

மேடையேற்றுமுன் ஆட்கள் முன்னால் வாசித்துப் பார்ப்பது குழுவின் வழக்கம். ஞாயிறு நாலு மணி, நூலக மாடி. வேஷம் கிடையாது, திரை கிடையாது. இரண்டு நாற்காலி, கையில் தாள். குழுவை நடத்திய டீச்சர், "ஓரமா உட்காருங்க சார். நடிக்கிறவங்களைப் பாக்காதீங்க, ஜனங்க முகத்தைப் பாருங்க. எங்க நெளியறாங்கன்னு குறிச்சுக்குங்க" என்றார்.

பதினேழு பேர் வந்திருந்தார்கள். மனைவிக்கு மச்சினன் மூலமாகத்தான் சொல்லியனுப்பியிருந்தார். மச்சினன் மட்டும் வந்து, மடியில் ஹெல்மெட்டோடு கதவோரம் உட்கார்ந்தான்.

வாசிப்பு தொடங்கியது. "உப்பு எங்கே?" என்று நாடகத்துக் கணவன் கேட்க, "இருக்கிற எடத்துல இருக்கு" என்றாள் மனைவி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. கம்பவுண்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவர் வீட்டில் நிஜமாக நடந்த பேச்சு. அதில் சிரிக்க ஏதோ இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

கடைசி இரண்டு பக்கத்தின்போது யாரும் அசையவில்லை. ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கம்பவுண்டர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் பாராட்டிவிட்டுக் கலைந்தபின், படிக்கட்டில் மச்சினன் நின்றான்.

"அக்கா வரலையா?" என்று கேட்டார் கம்பவுண்டர்.

"கூப்பிட்டேன் அத்தான். வரலைன்னு தலையை ஆட்டிட்டா." ஹெல்மெட்டைக் கை மாற்றிக்கொண்டான். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. நாடகத்துல அவ சொல்ற காரணம் இருக்கே, அது இல்ல."

"பின்ன என்ன?"

"அதை என்கிட்ட கேட்டா எப்படி?"

மறுநாள் காலை, கடைக்குக் கிளம்புமுன் போன் செய்தார். அவளே எடுத்தாள்.

"நான்தான்."

"ம், சொல்லுங்க."

"ஏன் போன?"

குழாயை மூடும் சத்தம் கேட்டது. "தம்பி சொன்னான். நான் பேசினதா ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்களாமே." குரலில் கோபம் இல்லை. "நீங்களே எழுதிட்டீங்க. அப்புறம் என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

பிறகு அவளே, "உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த வாரமே இரண்டு பக்கத்தையும் கோடு போட்டு அடித்தார். 'அவள் கதவைத் திறந்துகொண்டு போகிறாள்' என்று அதற்குப் பதில் ஒரு வரி எழுதிக்கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்தார்.

"அந்தப் பேச்சுக்காகத்தானே சார் நாடகத்தையே எடுத்தோம்!" என்றார் டீச்சர்.

"அது அவ பேசினது இல்லீங்க."

டீச்சர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இவர் மசியவில்லை. குழு அந்த வருடம் வேறொருவர் நாடகத்தை எடுத்துக்கொண்டது. அதன் வாசிப்புக்கும் கம்பவுண்டர் போனார். முடிந்ததும் யாரும் கேட்காமலே நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாய்த்தார். எல்லாம் முடிந்த பிறகும் வீட்டுக்குக் கிளம்பாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். கதவைப் பூட்ட வந்தவர் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.