குழாயைத் திருப்பியவள்

நாகலூர்ச் சாலையில் பேருந்து நிற்கும் இடத்தைத் தாண்டிச் சரிவில் இறங்கினால் அஜ்மலின் வெல்டிங் பட்டறை வரும். மூன்று பக்கம் தகரம். நான்காம் பக்கம் பனிக்கும் காற்றுக்கும் திறந்தே கிடக்கும். காப்பித் தோட்டங்களுக்குத் தண்ணீர் ஏற்றும் இரும்புக் குழாய்களை, டிராக்டர் வளைவில் திரும்பக்கூடிய நீளத்துக்கு இணைத்துக் கொடுப்பதே அங்கு நடக்கும் முதன்மையான வேலை. தலைச்சோலையைச் சேர்ந்த சின்னசாமி அங்கே வெல்டராக இருந்தான். அவன் மனைவி ராசாத்தி குழாயைத் திருப்புவாள்.

அந்த வேலையைப் பார்த்திராதவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். சிறு சக்கரங்கள் வைத்த தாங்கிகளின்மேல் இரண்டு குழாய்களை வாயோடு வாய் சேர்த்துக் கிடத்துவார்கள். சேருமிடத்தில் மோதிரம்போல் ஒரு பள்ளம் சுற்றி ஓடும். உருகிய இரும்பை மேலிருந்து இட்டு அதை நிரப்ப வேண்டும். வெல்டர் நின்ற இடத்திலேயே நிற்பான். குழாய்தான் அவன் கைக்குக் கீழே மெல்ல உருண்டு கொடுக்க வேண்டும். விரைந்து உருண்டால் பள்ளம் நிரம்பாது. தயங்கினால் குழாய் ஓட்டை விழுந்து இரும்பு உள்ளே ஒழுகிவிடும். தோல் கையுறையும் தலையில் மாட்டிய கறுப்புக் கண்ணாடியுமாக, ராசாத்தி அந்தக் குழாயை இரு கைகளாலும் பற்றி உருட்டிக்கொண்டிருப்பாள். அதை யாரும் ஒரு தொழிலாக எண்ணியதில்லை. கேட்டால், "சின்னசாமி சம்சாரம், கூட நிக்கும்" என்பார்கள்.

கூட நின்றதோடு அவள் இன்னொன்றும் செய்துவந்தாள். அது கணவன் மனைவி இருவருக்கு மட்டுமே தெரியும்.

சின்னசாமிக்கு நடுப்பார்வை போய்விட்டிருந்தது. எதிரே வருபவரின் தோளும் காலும் தெரியும்; முகம் தெரியாது. எதை நேராகப் பார்க்கிறானோ அது மட்டும் மறைந்துவிடும். விழித்திரையின் நடுவில் தழும்பு விழுந்துவிட்டது, கண்ணாடியாலும் அறுவையாலும் பயனில்லை என்று சேலத்தில் மருத்துவர் சொல்லிவிட்டார். மருத்துவமனைக்கு எதிரேயிருந்த டீக்கடையில், டீயை ஆறவிட்டபடி அவன் ராசாத்தியிடம் கேட்டான்.

"பட்டறையில சொல்லிரலாமா?"

"சொல்லிப்போட்டு என்ன பண்றதுங்க? களையெது செடியெதுன்னு தெரியாத ஆள எஸ்டேட்டுல கொத்தக் கூப்புடுவாங்களா?"

அன்றுமுதல் அவள் தன் வேலையை மாற்றிக்கொண்டாள். கணவனின் கை பிழையாமல் நின்றது. ஆனால் பள்ளம் எங்கே ஓடுகிறதென்று அதற்குத் தெரியவில்லை. ஆகவே, குழாயை உருட்டும்போதே நூலளவு இப்புறமும் அப்புறமும் நகர்த்தி, பள்ளத்தை வெல்டிங் குச்சியின் நுனிக்குக் கீழே கொண்டுவந்து கொடுத்தாள். வெல்டர் குழாயைத் தேடவில்லை. குழாய் வெல்டரைத் தேடி வந்தது. ஓர் இணைப்பிலும் ஒரு சொட்டு கசியவில்லை.

அஜ்மல் தன் தந்தை அமீர் ஜானுக்குப் பின் பட்டறையை ஏற்றவன், கோணல் இல்லாதவன். ஒரு பெரிய தோட்டத்திலிருந்து வேலை வந்தது. காப்பி பூப்பதற்குத் தண்ணீர் தெளிக்கும் பருவத்துக்குள் முழுக் குழாய் வரிசையும் முடிந்தாக வேண்டும். அவன் ஒரு நாள் முழுவதும் முக்காலியில் அமர்ந்து பட்டறையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன பாய், சினிமாவா ஓடுது?" என்றான் டோமினிக். குழாயை அறுத்து முனை தேய்ப்பவன் அவன். வாய் சும்மா இராது.

"நீ நடக்கற நடையத்தான் பாக்கறேன். ஒரு பைப்ப அறுக்க நீ நடக்கறதுக்கு வெள்ளக்கடை ஊருக்கே போயிட்டு வந்துரலாம்."

மறுநாள் அறுக்கும் மேசை வாசலருகே வந்தது. குழாய் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுமாறு தாங்கிகள் வரிசையாயின. வெல்டிங் குச்சிகள் கைக்கெட்டும் பெட்டியில், ஈரம் ஏறாமல் சூடாக இருந்தன. வேலை கண்கூடாக முன்னேறியது. ராசாத்தியே அதை மெச்சினாள். இரண்டாம் வாரம், மோட்டார் வைத்த உருளை ஒன்று வேனில் வந்திறங்கியது.

"அக்கா, இனி உங்க கை காய்ச்சுப்போக வேண்டாம். பெடலை மிதிச்சா பைப்பு அதுவாச் சுத்தும். அண்ணனே மிதிச்சுக்குவாரு," என்றான் அஜ்மல்.

"எனக்கொண்ணும் சிரமமில்லீங்க தம்பி."

"சிரமமில்லாமயா தெனமும் தைலம் தேய்க்கறீங்க?"

"பஸ்ஸுல அக்கா பக்கத்துல ஒக்காந்தா எனக்குக் கண்ணுல தண்ணி வருதுங்க பாய்," என்றான் டோமினிக்.

எல்லோரும் சிரித்தார்கள். சின்னசாமியும் சிரித்தான்.

உருளை ஒரே சீராகச் சுற்றியது. இப்புறமோ அப்புறமோ நகரவில்லை. அன்று ஒட்டிய குழாய்களின் வாயை அடைத்து, நீர் நிரப்பி, பம்பால் அழுத்தம் ஏற்றியபோது, இணைப்புகளில் நீர் முத்து முத்தாக அரும்பியது. புது இயந்திரம், பழக வேண்டும் என்று அஜ்மல் சமாதானம் சொன்னான். சுற்றும் வேகத்தைக் குறைத்தான். மறுநாளும் கசிந்தது.

"அக்கா கை படாம அண்ணனுக்கு வேல ஓடாதாட்டம் இருக்குது," என்றான் டோமினிக். ராசாத்தி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் அஜ்மலிடம் போய், இயந்திரம் ஷாக் அடிக்கிறது என்றாள். அவன் உடனே எலெக்ட்ரீஷியனை வரவழைத்தான், குறையொன்றும் இல்லை. சம்பளம் வேண்டாம், பழையபடி கையாலேயே திருப்புகிறேன் என்றாள். அவன் முகம் வாடிவிட்டது.

"நான் உங்கள அனுப்பீருவேன்னு நெனச்சுட்டீங்களாக்கா? பெயின்ட் அடிக்கற வேல இருக்குதுல்ல. சம்பளம் அதேதான்."

அவள் மூடிவைக்க நினைத்த ஒவ்வொரு கதவையும் அவன் அன்பினால் திறந்துகொண்டே வந்தான். கோபக்காரனாக இருந்திருந்தால் சண்டையிட்டுத் தடுத்திருக்கலாம்.

மூன்றாம் நாள் அஜ்மல் டோமினிக்கை இயந்திரத்தில் நிற்கச் சொன்னான். வாசல் கேட்டும் ஜன்னல் கிரில்லும் ஒட்டிப் பழகிய கை அவனுடையது. குழாய் அவனுக்குப் புதிது. இருந்தும் அவன் ஒட்டிய இணைப்பில் நீர் கசியவில்லை. குறை இயந்திரத்தில் இல்லை என்பது எல்லோருக்கும் விளங்கிற்று. அஜ்மல் ராசாத்தியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனான்.

"அண்ணனுக்கு என்னாச்சுக்கா? மறைக்காதீங்க. கை நடுங்குதா? இல்ல, கண்ணு கிண்ணு..."

"குடிக்கறாருங்க," என்றாள் ராசாத்தி.

அந்தச் சொல்லை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. கண் என்ற சொல் முடிவதற்குள் வேறொரு சொல் வேண்டியிருந்தது, அது வந்துவிட்டது.

அஜ்மல் தொட்டி நீரில் முகத்தைக் கழுவிக்கொண்டான். பிறகு உள்ளே போய்ச் சின்னசாமியின் தோளில் கை வைத்தான்.

"அண்ணே, அக்கா எல்லாஞ் சொல்லீருச்சு."

சின்னசாமியின் உடம்பு தளர்ந்தது. நெடுநாள் சுமந்த மூட்டையை யாரோ வாங்கிக்கொண்டதுபோல் மூச்சு விட்டான். "சொல்லீருச்சுங்களா? நானே சொல்லோணும்னுதான்..."

"குடிய விட்டுருங்கண்ணே. எங்க அத்தா காலத்து ஆளு நீங்க. உங்கள விடமாட்டேன். ஒரு மாசம் தொடாம இருங்க. மெஷின் பழையபடி உங்களுக்குத்தான்."

சின்னசாமி ராசாத்தி நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினான். அவளைப் பார்ப்பதற்காக அவளுக்குச் சற்று அப்பால் பார்த்தான்.

"விட்டுடறனுங்க தம்பி," என்றான்.

வீட்டில் அவன் சோற்றைத் தொடவில்லை.

"எங்கப்பன் குடிச்சே செத்தான். அந்த வாசனயே ஆகாதுன்னு இருந்தவன் நான்."

"அந்தத் தம்பி கண்ணுன்னு ஆரம்பிச்சுருச்சுங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"அதுக்கு? காச்சல்னு சொல்லியிருக்கலாமல்ல."

"காச்சல் நாலு நாளுல தீந்துருமுங்க. குடிகாரன்னா திருந்தட்டும்னு காத்திருப்பாங்க. கண்ணுக்கு ஆருங்க காத்திருப்பா?"

அவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான்.

டோமினிக் ஒட்டினான், உருளை சுற்றியது. முன்பு இருவர் செய்ததை இப்போது ஒருவன் செய்தான்; முன்னிலும் விரைவாகவே செய்தான். பூப்பருவத்துக்கு வெகு முன்பே அந்தத் தோட்டத்தின் குழாய்கள் டிராக்டரில் ஏறிவிடும் என்பது உறுதியாயிற்று. அஜ்மல் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். சின்னசாமி அறுத்த துண்டுகளைப் பொறுக்கினான். குழாய்களுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்தான். அவன் அடித்த இடத்தில் திட்டுத் திட்டாக இரும்பு தெரியும். குடியை நிறுத்தினால் கை அப்படித்தான் நடுங்கும் என்று பார்த்தவர்கள் இரக்கப்பட்டார்கள். ராசாத்தி பின்னாலேயே வந்து மறுபடி அடிப்பாள்.

டோமினிக் காலையில் விளையாட்டாக, "எங்க, ஊதுங்கண்ணே" என்று முகத்தை நீட்டுவான். சின்னசாமி ஊதுவான். "பாஸாயிட்டீங்க" என்பான் டோமினிக். அவன் கெட்டவன் அல்லன். நண்பன் திருந்துவதில் அவனுக்கு மெய்யாகவே மகிழ்ச்சி இருந்தது.

அந்த மகிழ்ச்சிதான் ராசாத்தியை அச்சுறுத்தியது. குடிக்காத ஒவ்வொரு நாளும் அவள் கணவனை அந்த இயந்திரத்தின் பக்கம் ஒரு நாள் நெருக்கிக்கொண்டு போயிற்று. அவன் திருந்திவிட்டான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நாளில், உருளும் குழாயின் முன்னே அவன் தனியாக நிற்க வேண்டும். முதல் குழாயில் நீர் ஏற்றும்போதே எல்லாம் தெரிந்துவிடும். வேறு வழி உண்டா என்று அவள் பெயின்ட் அடித்தபடி தேடினாள். உண்மையைச் சொல்லலாம் என்றால், அதற்கும் இப்போது வழியில்லை. கண் போனவன் என்பதோடு, மாதம் முழுவதும் ஏமாற்றியவர்கள் என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும்.

அஜ்மல் சொன்ன மாதம் முடிந்தது. "நாளைக்கு நீங்கதாண்ணே மெஷின்ல," என்றான். புதிய கையுறை ஒன்றும் வாங்கிக் கொடுத்தான்.

மறுநாள் காலை தலைச்சோலையில் பனி இறங்கியிருந்தது. பேருந்து வந்தது. ராசாத்தி முன்னே ஏறிவிட்டாள். பின்னால் வந்த சின்னசாமி படியைக் குனிந்து நேராகப் பார்த்தான். பார்த்ததனாலேயே அது அவனுக்குத் தெரியவில்லை. கால் வெற்றிடத்தில் இறங்க, படியின் விளிம்பில் முழங்கால் மோதி, சாலையில் குப்புற விழுந்தான். கண்டக்டர் கையைக் கொடுத்துத் தூக்கினார்.

"காலங்காத்தாலயேவா?" என்று யாரோ உள்ளிருந்து சொன்னார்கள்.

டோமினிக் தன் இருக்கையிலிருந்து எழுந்துவிட்டான். "ச்சே, இருக்காதுங்க. அண்ணன் விட்டு ஒரு மாசமாச்சு," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இல்லதானே அண்ணே?"

பேருந்து முழுவதும் பதிலுக்குக் காத்திருந்தது. ராசாத்தி கணவனின் முகத்தைப் பார்த்தாள். அவன் முழங்காலிலிருந்து மண்ணைத் தட்டினான்.

"நேத்துக் கொஞ்சம் போட்டுட்டேனப்பா," என்றான்.

டோமினிக் தன் இருக்கையில் அமர்ந்தான். சிறிது தொலைவு போனபின் அலைபேசியை எடுத்தான். "பாய், இன்னிக்கும் மெஷின்ல நானே நிக்கறேன். நேர்ல வந்து சொல்றேன்."

ராசாத்தி கணவனைச் சன்னலோரம் உட்காரவைத்து, இரண்டு டிக்கெட் கேட்டாள். கண்டக்டர் சில்லறையை அவனிடம் நீட்டாமல் அவள் கையில் வைத்தார். தன் கணவனுக்கு இன்னும் ஒரு மாதம் கிடைத்திருக்கிறது என்று அவள் எண்ணிக்கொண்டாள்.