உலர்ந்து வந்த விரிப்பு

சலவைக் கடையின் பின்கட்டில், ஜன்னலை ஒட்டித் தகரம் அடித்துப் போட்டிருந்த மேசைதான் கறை எடுக்கும் கறையக்காவின் ராஜ்ஜியம். முன்பக்கம் முதலாளியம்மா, நடுவில் இஸ்திரிக்காரர், பின்னால் இவள். ஊரில் பெரிய வீடுகளின் மேசை விரிப்புகளெல்லாம் கடைசியில் இந்தத் தகரத்தின் மேல்தான் வந்து விழும். ஒரு விரிப்பை உதறிப் போட்டாளென்றால் அந்த வீட்டில் யார் சிந்தித் தின்பவர், யார் கோபத்தில் கோப்பையைத் தள்ளிவிடுபவர் என்று புட்டுப்புட்டு வைப்பாள். விருந்துக்குக் கூப்பிட்டால் சாப்பாட்டைப் பார்க்கமாட்டாள். விரிப்பைத்தான் பார்ப்பாள். "இந்த எண்ணெயை நேத்தே எடுத்திருக்கணும்" என்று விருந்து கொடுத்தவளின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டு வந்த கதையும் உண்டு.

அவளுடைய புருஷன் வெளியூருக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். யாராவது வாயைக் கிளறினால், "அது துவைச்சுப் போற அழுக்கு இல்ல, விடுங்க" என்று முடித்துவிடுவாள். பிள்ளை இல்லை. இருந்தது ஒரு தங்கை. அம்மா போன பிறகு இவளே தூக்கி வளர்த்ததால் தங்கை என்று பேர்தானே தவிர மகள்தான்.

அந்தத் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்ததும் கறையக்காவேதான். பையன் வீட்டுக்குப் போனாள். ஆபீசில் நல்ல வேலை, தணிந்த பேச்சு எல்லாம் இருந்தது. அதெல்லாம் அவள் கண்ணில் பட்டதா என்பது சந்தேகம். சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளை விரிப்பு, மடிப்புக் குலையாமல், ஒரு பொட்டுக் கறை இல்லாமல் கிடந்தது. ஆள் தனியாக இருந்தும் இப்படி வைத்திருக்கிறானே என்று அங்கேயே மனசு விழுந்துவிட்டது. திரும்பி வந்து அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். ஒரு மனுஷனை எடைபோட உலகத்தில் எத்தனையோ வழி இருக்க, இவளுக்குக் கிடைத்தது இது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாணமான பிறகு தங்கை வீட்டு விரிப்புகளும் கடைக்கு வர ஆரம்பித்தன. வாராவாரம் மாப்பிள்ளையே ஆபீஸ் போகிற வழியில் மூட்டையைக் கொண்டுவந்து கொடுப்பார். மேசையில் சுருக்கம் இருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. முதலில் டீ, குழம்பு, குழந்தை பிறந்த பிறகு முட்டையும் பாலும். அப்புறம் ஒரு நாள் விரிப்பின் ஓரத்தில் வேறு ஒன்று வந்தது. பீட்ரூட் என்று தங்கை சொல்லி அனுப்பியிருந்தாள். பீட்ரூட்டுக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாதவளா கறையக்கா?

கேட்டாள். தங்கை மழுப்பினாள். கத்தி பட்டுவிட்டது, மூக்கில் வந்தது, கிளாஸ் உடைந்தது என்று ஒவ்வொரு தடவைக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. கடைசியில் ஒரு காலையில், குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தவளின் கன்னத்தைப் பார்த்த பிறகு கறையக்கா கேட்பதை விட்டுவிட்டுச் சொன்னாள்.

"என்கூட வந்துடு. கட்டில் சும்மாதான் கிடக்கு. பொண்ணையும் கூட்டிட்டு வா."

"பொண்ண விடமாட்டாருக்கா. நான் மட்டும் எப்படி வர்றது?"

கறையக்காவிடம் இருந்ததெல்லாம் கைவேலைதான். அதனால் அதைச் சொல்லிக்கொடுத்தாள். ரத்தம் பட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊற வை, வெந்நீர் பக்கமே போகாதே, சூடு பட்டால் ஜென்மத்துக்கும் போகாது, ஊறவைத்து ஈரத்தோடு அனுப்பு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அடி வாங்குகிறவளுக்கு ஒருத்தி சொல்லிக்கொடுக்கிற விஷயமா இது? ஆனால் அவள் அழுதுகொண்டேதான் சொன்னாள். தங்கையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த விரிப்புகள் பாலித்தீன் பையில் சுற்றி, ஈரமாகவே வந்தன. இவள் எடுத்துக்கொடுத்தாள். மூட்டையை வாங்கிப்போக வரும் மாப்பிள்ளை பிரித்துப் பார்த்து, "அக்கா கை பட்டா எதுவும் தங்காது" என்று சிரிப்பார். வயிறு எரியும். அந்த எரிச்சலுக்கு அடியில், கேவலம், ஒரு துளி பெருமையும் இருக்கும். அதற்காகத் தன்னைத்தானே பின்னால் எவ்வளவு திட்டிக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியும்.

பிறகு தங்கை கடைக்கு வருவது நின்றது. போன் போட்டால் மாப்பிள்ளைதான் எடுத்தார். தூங்குகிறாள், குளிக்கிறாள், வெளியே போயிருக்கிறாள் என்றார். மூட்டை மட்டும் தவறாமல் வந்தது.

அப்படி வந்த ஒரு மூட்டையில்தான் அந்த விரிப்பு இருந்தது. நாலாக மடித்து, மற்ற துணிகளுக்கு நடுவில், காய்ந்து மொடமொடவென்று. பிரித்தால் நடுவில் பெரிய கறை, ஓரங்களில் விரல் விரலாக இழுத்த தடம். பழுப்பேறி நாள் ஆகியிருந்தது. கறையக்கா முதலில் அதைப் படக்கென்று மறுபடி மூடினாள். அப்புறம் வந்தது கோபம். தங்கை மேல்தான் கோபம். எத்தனை தடவை படித்துப் படித்துச் சொன்னேன், இப்படிக் காயவிட்டிருக்கிறாளே, இனி இது போகுமா என்று வாய்விட்டே புலம்பினாள். அவ்வளவு அடி பட்டவள் எழுந்து போய் உப்புத் தண்ணீர் கலக்க முடியாமல் கிடந்திருப்பாள் என்று அடுத்த நிமிஷமே தோன்றி, புலம்பல் அழுகையானது. எது தோன்றியிருக்க வேண்டுமோ அது மட்டும் தோன்றவில்லை.

அன்று முழுக்க அந்த ஒரு விரிப்போடுதான் மல்லுக்கட்டினாள். பச்சைத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்தாள். மழுங்கிய கத்தியால் நூல் அறாமல் சுரண்டினாள். பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நுரைத்து அடங்கியதும் துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். தங்கையின் உடம்பிலிருந்தே அந்த அடியைத் துடைத்து எடுக்கிற மாதிரி ஒரு வெறி அவளுக்கு வந்துவிட்டது. முதலாளியம்மா வேறு வேலை கொடுத்தபோது காதில் வாங்கவில்லை. சாயங்காலம் இஸ்திரிக்காரர் வந்து எட்டிப் பார்த்து, "இதுலயா அந்தக் கறை இருந்துச்சு?" என்று துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் லேசில் யாரையும் மெச்சுகிற ஆள் இல்லை. கறையக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கஞ்சி போட்டுக் கொடியில் விரித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டொரு நாள் கழித்து, கடை திறந்ததும் திறக்காததுமாகத் தங்கை வந்து நின்றாள். மணிக்கட்டில் கட்டு. மூச்சு வாங்கியது. குழந்தையின் பள்ளியில் கூப்பிட்டார்கள் என்று பொய் சொல்லிவிட்டு ஓடி வந்திருந்தாள்.

"அக்கா, அந்தத் துணி எங்க?"

கறையக்கா அலமாரியிலிருந்து எடுத்துவந்து தகரத்தின் மேல் விரித்தாள். அவளைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் அதைத்தான் செய்தாள். "பயப்படாத, இருந்த இடமே தெரியல பாரு" என்றாள்.

தங்கை பார்த்தாள். குனிந்து பார்த்தாள். உள்ளங்கையால் நடுவில் தடவினாள். அப்புறம் அங்கேயே, சோப்புத் தண்ணீர் தேங்கிக் கிடந்த தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவுக்குத் தெரியாமல் தங்கை ஒரு பெண் வக்கீலைப் போய்ப் பார்த்திருக்கிறாள். பிள்ளையோடு வெளியே வரலாம், ஆனால் காட்டுவதற்கு ஏதாவது வேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். அடுத்த தடவை ரத்தம் பட்ட துணி எதையும் துவைக்காதே, வீட்டில் வைக்காதே, நம்பிக்கையான ஒருத்தரிடம் கொடுத்துவை என்றிருக்கிறார். நம்பிக்கையான ஒருத்தர் என்றால் தங்கைக்கு வேறு யார்? மூட்டையை மாப்பிள்ளையே பிரித்துப் பார்த்துக் கட்டுகிறார் என்பதால் துண்டுச் சீட்டு வைக்க வழியில்லை. கறை இருந்தால் அவருக்குச் சந்தேகமும் வராது, அது அக்காவிடம் போனால் மறைந்துவிடும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியுமே. எப்போதும் ஈரமாக அனுப்புகிறவள் காயவைத்து அனுப்பினால் அக்காவுக்குப் புரிந்துவிடும் என்று நம்பி அனுப்பியிருக்கிறாள்.

"உனக்குப் புரியும்னு நெனச்சேன்கா," என்றாள் தங்கை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

கறையக்கா அவளை எழுப்பி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்த வக்கீலிடம் ஓடினாள். நான் பார்த்தேன், நான்தான் துவைத்தேன், எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றாள். வக்கீல் பொறுமையாகக் கேட்டார். அக்கா சொல்வதைத் தங்கைக்காகச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்றார். இத்தனை வருஷமாக வந்த கறையையெல்லாம் நீங்களே எடுத்துக்கொடுத்தது ஏன் என்று மாப்பிள்ளை பக்கத்து வக்கீல் கேட்பாரே, என்ன சொல்வீர்கள் என்றும் கேட்டார். மணிக்கட்டுக் காயத்தைக் காட்டலாமா என்று கறையக்கா கேட்டதற்கு, கீழே விழுந்ததாக ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்திருக்கிறேன் என்று சொல்லித் தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். பள்ளி விடுகிற நேரமாகிவிட்டது. அவள் கிளம்பிவிட்டாள்.

அதற்கப்புறம் கறையக்கா ஒரே நினைப்பாக இருந்தாள். இன்னொரு மூட்டை வரும், அதில் எது இருந்தாலும் தொடமாட்டேன், அப்படியே எடுத்துக்கொண்டு போய் வக்கீலின் மேசையில் வைப்பேன். இதற்காக ஒரு தகரப் பெட்டியைத் துடைத்து, ஈரம் போக வெயிலில் காயவைத்துத் தயாராக வைத்திருந்தாள். தங்கைக்கு இன்னொரு அடி விழ வேண்டும் என்று காத்திருக்கிறோமே என்று ஒரு நாள் உறைத்தது. அன்றைக்குச் சாப்பிடவில்லை. பெட்டியை மட்டும் அப்புறப்படுத்தவில்லை.

மூட்டை வந்தது. மாப்பிள்ளை முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. தகரத்தின் மேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

"கஞ்சியும் இஸ்திரியும் மட்டும் போதும்கா. இப்பல்லாம் கறையை அவளே எடுத்துடறா. நல்லா சொல்லிக்கொடுத்திருக்கீங்க."

அவர் போன பிறகு ஒவ்வொரு விரிப்பாகப் பிரித்தாள். எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். திருப்பிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். ஒன்றில் மட்டும், ஓரம் தள்ளி, உள்ளங்கை அகலத்துக்குத் துணி கொஞ்சம் விறைப்பாக இருந்தது. ரத்தம் போக ஊறவைத்த உப்பை நன்றாக அலசவில்லை.

அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்கு அங்கே எதுவும் இல்லை. வக்கீலிடம் கொண்டுபோனால் அவர் பார்க்கப்போவது சுத்தமான ஒரு துணி. இஸ்திரிக்காரர் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டுவிட்டு, இதில் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி விரிப்பை அவரிடம் கொடுத்தாள்.