குடைக்காரனின் பதினாறாம் பாகம்

போன மாதம் ஒரு சாயங்காலம் தோசைக்கு ஊறவைத்த அரிசியைக் களைந்துகொண்டிருந்தபோது மஞ்சுளா போன் செய்தாள். கையெல்லாம் ஈரம். முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினேன். "ஏய், நம்ம குடைக்காரன் தமிழ்ல வந்துட்டான்டி!" என்று கத்தினாள். ஓசூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள் அவள். வருஷத்துக்கு இரண்டு முறை பேசினால் ஜாஸ்தி. ஒன்று கார்த்திகை தீபத்தின்போது, இன்னொன்று ஊரில் யாராவது செத்துப்போனால். இது இரண்டுமில்லை. "எம் பொண்ணு அவ அப்பா போன்ல போட்டுக் குடுத்தா. மொத பாகம் பாத்துட்டேன். தெனம் ஒண்ணு பாக்கப் போறேன்" என்றாள்.

நல்லது, பாரு என்று சொல்லிவிட்டு வைத்தேன். அரிசியை எத்தனை தண்ணீர் களைந்தேன் என்பது மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து களைந்தேன். குடைக்காரன் வருகிற அந்தக் கொரியத் தொடர் மொத்தம் பதினாறு பாகம். பதினாறாவது பாகத்தில் வருவதை நான் அவளிடம் மாற்றிச் சொல்லியிருந்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால், தெரிந்தே, வேண்டுமென்றே. அந்தக் கதையை நம்பித்தான் அவள் கல்யாணத்துக்குச் சரி என்றாள். இது அதுவரை நான் யாரிடமும் சொல்லாத விஷயம். உங்களிடம் சொல்கிறேன், சொல்லிவிட்டாலாவது தூக்கம் வருகிறதா பார்க்கலாம்.

அப்போது நாங்கள் இரண்டு பேரும் கீழ்பென்னாத்தூரில் இருந்தோம். வேலை வேங்கிக்காலில். கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில், விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஒப்பந்த வேலை. பெயர், தகப்பனார் பெயர், கிராமம், வட்டம். மறுபடி பெயர், தகப்பனார் பெயர். சாயங்காலம் ஆனால் என் பெயரை யாராவது கேட்டால்கூட தகப்பனார் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன் போலிருக்கும். காலையில் திருவண்ணாமலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து வேங்கிக்காலுக்கு ஒரு டவுன் பஸ். திரும்பும்போது அதே இரண்டு பஸ், ஆனால் நின்றுகொண்டு. இருபத்தைந்து வயதில் அவ்வளவு களைப்பாக இருந்தோம் என்று சொன்னால் இப்போது எனக்கே நம்பிக்கையில்லை. இப்போதைய களைப்பு வேறு ரகம், அதை விடுங்கள்.

அந்த ஆபீஸில் சென்னையில் படித்துவிட்டு வந்த ஒரு பெண் இருந்தாள். அவள்தான் தன் பென்டிரைவிலிருந்து என் மெமரி கார்டுக்கு ஏற்றிக் கொடுத்தாள். கொரியத் தொடர். வீட்டில் டிவி அப்பாவின் கட்டுப்பாட்டில் இருந்தது. நான் மாவு அரைக்கிற சாக்கில் சமையல்கட்டில் உப்பு ஜாடிமேல் போனைச் சாய்த்துவைத்துப் பார்ப்பேன். கிரைண்டர் ஓடுகிற சத்தத்தில் எதுவும் காதில் விழாது. ஆனால் கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுமே, அதற்குக் காது எதற்கு? எங்கள் வீட்டில் அந்த வருஷம் இட்லி மாவு வெண்ணெயாக இருந்ததற்கு அதுதான் காரணம். அம்மா அதை என் பொறுப்புணர்ச்சி என்று நினைத்தாள்.

கதை இதுதான். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அரண்மனையில் காவல்காரனாக இருந்த ஒருவன். ஏதோ சாபம், சாவில்லை. இப்போது நகரத்தில் ஒரு சந்தில் குடை ரிப்பேர் செய்கிறான். மழை பெய்யும்போது மட்டும்தான் அவன் மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவான், வெயில் வந்தால் மறைந்துவிடுவான். எதிரே ஒரு சின்ன சலவைக் கடை. அதை நடத்துகிற பெண்ணுக்கும் அவனுக்கும் காதல். மஞ்சுளாவிடம் பட்டன் போன்தான். அதனால் தினம் காலையில் பஸ்ஸில் நான் அவளுக்கு ஒரு பாகத்தைக் கதையாகச் சொல்வேன். முதல் நாள் சொன்னபோது அவள் கேட்ட கேள்வி எனக்கு இன்னும் ஞாபகமிருக்கிறது. "நம்ம ஊர்ல பொறந்திருந்தான்னா வருஷத்துக்கு எத்தினி நாள்டி தெரிவான்? நாலு நாளா?" முன் சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். சாவில்லாதவன் என்பதெல்லாம் மஞ்சுளாவுக்குப் பெரிய ஆச்சரியமாக இல்லை. மலையே சாமியாக நிற்கிற ஊர், எங்களுக்கு முந்நூறு வருஷம் என்ன கணக்கு?

என் ஆங்கிலம் சுமார்தான். எழுத்து ஓடுகிற வேகத்தில் பாதி பிடிபடும், மீதியை நானே போட்டுக்கொள்வேன். சலவைக்காரிக்கு ஒரு அண்ணியை நான்தான் கொடுத்தேன். கதையில் அப்படி ஒருத்தி கிடையாது. மஞ்சுளா அந்த அண்ணியைக் கரித்துக்கொட்டியதில் எனக்கு உற்சாகம் வந்து அவளுக்கு இன்னும் நாலு காட்சி சேர்த்தேன். கேட்கிறவள் முகம் அப்படி. கண்டக்டர் டிக்கெட் கேட்டால்கூட "இருங்கண்ணா, அரண்மன கேட் தெறக்கப் போறான்" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் கொரியாக்காரர் ஒருவர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு இரண்டு பேரும் பார்க்கப் போனோம். இதை எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது. அவள் மல்லிகைப் பூ வேறு வைத்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரு கஃபே வாசலில் அவர் நின்றிருந்தார். தலையில் ஒரு முடி இல்லை. ஆட்டோக்காரரிடம் அச்சு அசல் எங்கள் ஊர்த் தமிழில் "ஜாஸ்தி, ஜாஸ்தி, கம்மி பண்ணுங்க" என்று மன்றாடிக்கொண்டிருந்தார். மஞ்சுளா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முந்நூறு வயசு கரெக்டாதான்டி இருக்கும்" என்றாள். கரும்பு ஜூஸ் குடித்துவிட்டு பஸ் ஏறினோம்.

அப்படி என்னதான் இருக்கிறது இந்தக் கொரியத் தொடர்களில் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். பளபளவென்று மூஞ்சி, மாவு பூசின மாதிரி ஆம்பளைங்க என்கிறார். அவருக்கு நான் பதில் சொல்வதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். ஆறாம் பாகமோ ஏழாம் பாகமோ, அவள் வேலை முடிந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிடுவாள். பக்கத்தில் அவன். மழை விடப் போகிறது, வெயில் வந்தால் மறைந்துவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும். வெயில் அவள் முகத்தில் விழாதபடி கையை நீட்டி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மழை குறையக் குறைய அந்தக் கை கொஞ்சம் கொஞ்சமாக மறையும். அவள் விழித்துப் பார்க்கும்போது சீட் காலி. அவ்வளவுதான் காட்சி. கட்டிப்பிடிப்பது, முத்தம் கொடுப்பது எல்லாம் எல்லாப் படத்திலும் வருகிறது. ஒருவன் அவளைத் தூங்கவிட்டான், அதுதான் எங்களுக்கு. சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அவள் முகத்தையே பார்ப்பான், அதுவும். அந்தக் காட்சியை மஞ்சுளா மூன்று நாள் தொடர்ந்து சொல்லச் சொன்னாள். மூன்றாம் நாள் சொல்லி முடிப்பதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவளுக்கும் ஒருவன் இருந்தான். குமரேசன், ஊரில் மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றுகிற வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். ரெண்டு வருஷம் இரு, வந்துடறேன் என்று சொல்லிவிட்டு கத்தாருக்குப் போனான். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை, வெள்ளிக்கிழமை தோறும் பேசுவான். இரண்டு வருஷம் மூன்றானது. பிறகு பேச்சு நின்றது. எட்டு மாதம். வெள்ளிக்கிழமைகளில் அவள் அந்தப் பட்டன் போனை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பாள், கதை கேட்கும்போதும் ஒரு கை அதன் மேலேயே இருக்கும். வீட்டில் அவளுக்குக் கீழே இரண்டு தங்கச்சிகள். ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் பார்த்துப் பிடித்துப்போய், வருகிற வெள்ளிக்கிழமை பூ வைக்க வரட்டுமா என்று கேட்டிருந்தார்கள். பதில் சொல்ல வேண்டியது அவள்.

எங்கள் பக்கம் இப்படி முடிவு தெரியாமல் தவித்தால் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வது. எது வருகிறதோ அதுதான் உத்தரவு. கோயிலுக்குப் போய்ப் பாரேன் என்றேன். "வேணாம்டி. எங்கம்மா ரெண்டு பொட்டலத்துலயும் ஒரே பூவ வெச்சிடும்" என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு நீ கடைசி பாகம் சொல்லுவல்ல? குடைக்காரன் மூணு வருஷம் காணாமப் போயிருக்கான்ல? அவன் திரும்பி வந்தா நானும் இருக்கேன். வரலன்னா அவங்க பூ வெச்சிட்டுப் போவட்டும்." நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கடைசி பாகத்தை நான் அதற்கு இரண்டு நாள் முன்பே பார்த்துவிட்டிருந்தேன். அவன் வந்துவிடுவான். மூன்றாவது வருஷம் முதல் மழையில் சலவைக் கடை வாசலில் நனைந்துகொண்டு நிற்பான். நான் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து அழுது தீர்த்திருந்தேன். மாவு பொங்கி வழிந்தது.

மஞ்சுளா அப்படிச் சொன்ன மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே தற்காலிக ஸ்டாண்டில் நிறுத்திவிட்டார்கள். "எறங்கு எறங்கு, இதுக்கு மேல போவாது" என்றார் கண்டக்டர். இரண்டு பேரும் நடந்தோம். மூட்டை முடிச்சோடு வெளியூர் ஜனங்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். "ம், சொல்லு" என்றாள். சொன்னேன். மூன்று வருஷம் மழை வந்து வந்து போனது, அவன் வரவில்லை. ஒரு நாள் காலையில் சலவைக்காரி கடையின் ஷட்டரை இறக்கினாள். சாவியைப் பக்கத்துப் பூக்கடைக்கார அம்மாவிடம் கொடுத்தாள். அவன் கொடுத்த குடையைப் பூட்டிலேயே மாட்டினாள். தெருவில் இறங்கி நடந்தாள். பாதித் தெருவில் மழை பிடித்துக்கொண்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், முடிந்தது என்றேன்.

"மழ பெய்யுதே, இப்ப பாத்தா தெரிவானே" என்றாள் மஞ்சுளா. "தெரிவான். ஆனா அவ பாக்கல" என்றேன். எங்கிருந்து எனக்கு அந்தப் பதில் வந்ததோ தெரியாது. "சரி" என்றாள். வெள்ளிக்கிழமை பூ வைத்தார்கள்.

அவள் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பல வருஷம் சொல்லிக்கொண்டுமிருந்தேன். முழுக்க உண்மையில்லை. அவள் காத்திருப்பதைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. தன் அம்மா செய்வாள் என்று அவள் பயந்த காரியத்தை நானே செய்தேன். குமரேசன் வந்தானா என்று கேட்பீர்கள். வந்தான், அவள் கல்யாணம் முடிந்து நாலு வருஷம் கழித்து. வேறு ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்று அன்றைக்கு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். மஞ்சுளா காத்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்குமோ என்றுதான் தோன்றியது.

அவள் போன பிறகு நான் யாருக்கும் கதை சொல்லவில்லை. கல்யாணமாகி வேங்கிக்கால் பக்கமே குடிவந்துவிட்டேன். வேலை வேறு, களைப்பும் வேறு. சில நாள் பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன். பெண்பிள்ளைகள் ஆளுக்கொரு போனில், காதில் வயரோடு, ஆளுக்கொரு கொரியாக்காரனைப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். யாரும் யாரிடமும் அப்புறம் என்னாச்சு என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லைதான்.

போன மாதம் மஞ்சுளா பேசியதிலிருந்து பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வந்தது. நான் ஸ்பீக்கரில் போடாமல் காதில் வைத்துக்கொண்டேன்.

"முடிச்சிட்டேன்டி" என்றாள்.

"ம்."

"வந்துட்டான்."

"மஞ்சு, நான் அப்போ..."

"அத வுடு. எனக்கு ஒண்ணு சொல்லு. ஷட்டர எறக்கிட்டு, சாவிய பூக்கடைக்காரம்மா கைல குடுத்துட்டு, குடைய மாட்டிட்டுப் போவாளே, அது எந்தப் பாகத்துல வருது? அதப் பாக்கத்தான் இத்தினி நாளா உக்காந்திருந்தேன்."

இன்னொரு பொய் தயாராக வாயில் வந்து நின்றது. "தமிழ்ல போடும்போது வெட்டியிருப்பாங்கடி" என்றேன்.

"வெட்டல. எம் பொண்ணு அவங்க பாஷையிலயே போட்டுக் குடுத்தா. அதுலயும் ஓட்டி ஓட்டிப் பாத்துட்டேன். பூக்கடையே இல்லடி அந்தத் தெருவுல." பிறகு சொன்னாள். "கல்யாணத்துக்கு வேன்ல ஏறும்போது அந்தச் சலவைக்காரிதான் எனக்கு முன்னாடி போனா. அவ திரும்பிப் பாக்கலன்னுதான் நானும் பாக்கல. ஓசூர்ல மொத வருஷம் ரொம்ப கஷ்டமா இருக்கும்போதெல்லாம் நெனச்சிப்பேன், அவ எங்க போயிருப்பா, இப்ப இன்னா பண்ணிட்டிருப்பான்னு."

இதற்கு மேல் பொய் சொல்லத் தெம்பில்லை. "அது கதைலயே இல்ல மஞ்சு. நடந்து வரும்போது நானா கட்டிச் சொன்னது" என்றேன்.

அந்தப் பக்கம் மிக்சி ஓடி நின்றது. அவள் மகள் எதையோ கேட்டாள்.

"அப்போ அவ போவவே இல்லியா?"

"இல்ல."

"அப்போ நான் மட்டும்தான் போனனா?" என்றாள்.

பத்து வருஷமாக அவளுக்கு முன்னால் அந்த மழையில் நடந்துகொண்டிருந்த ஒருத்தி அத்தோடு இல்லாமல் போனாள்.