மூச்சு விடத் தெரியாத குத்துச்சண்டைக்காரர்

என் வீட்டுக்காரர் வன்னியராஜுக்கு உடம்பு முழுக்கப் பலம். சொன்னது மண்டையில் ஏறத்தான் நேரமாகும். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் அவருக்கு வேலை. லாரியில் ஏற்றி இறக்க யூனியன்காரர்கள் உண்டு. உள்ளே மூட்டைகளைக் கூரை வரைக்கும் அடுக்குவது இவர் பாடு. சாயங்காலம் கடை அடைத்ததும் கையுறையைத் தூக்கிக்கொண்டு குத்துச்சண்டைக் கிளப்புக்கு ஓடிவிடுவார்.

2003-இல் மாநிலப் போட்டி வந்தது. தங்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்க வழி இருந்தது. அடுத்த வருஷம் வயது வரம்பு தாண்டிவிடும். இந்த முறை விட்டால் அவ்வளவுதான்.

ஆனால் மனிதர் எந்தச் சண்டையிலும் மூன்றாம் சுற்றுக்குள் துவண்டுபோவார். காரணத்தைக் கண்டுபிடித்தவர் யூசுப். இவரோடு சேர்ந்து சண்டை கற்றவர். முழங்கை முறிந்த பிறகு கிளப்பில் பயிற்சியாளராகிவிட்டார்.

"மைனி, இந்த ஆளு மூட்டை தூக்குற மாதிரி தம் பிடிச்சுக்கிட்டு குத்துறாரு. மூட்டைக்கு அது சரி. குத்தும்போது மூச்சை வெளிய விடணும், மனசிலாயோ?" என்று என்னிடம் சொன்னார்.

மூட்டை தூக்கி வந்த பலம் மேலும் கீழும்தான் வேலை செய்யும், குத்துக்கு இடுப்பு திரும்பும் வேகம் வேண்டும் என்பது யூசுப்பின் கட்சி. அதனால் புதுப் பயிற்சிகள் வந்தன. தண்டால் எடுக்கும்போது தரையைத் தள்ளிக் கைகள் துள்ளி எழ வேண்டும். கயிறு தாண்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இடுப்பைத் திருப்பி மணல் பந்தை எறிய வேண்டும். அந்தப் பந்தைப் பழைய கோணியில் தைத்தவள் நான். விடியற்காலையில் முற்றத்தில் எதிரே நின்று பிடிக்கிறவளும் நான்தான். ஒவ்வோர் எறிக்கும் "உஸ்" என்று மூச்சு விட வேண்டும். விடாவிட்டால் பந்தை அவர் வயிற்றுக்கே திருப்பி அனுப்புவேன். அடுத்த வீட்டு அனந்தலக்ஷ்மி மாமி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஆம்படையானை அடிக்க இப்படியும் ஒரு வழி இருக்காடீ?" என்று கேட்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் பழக்கம் ஊறிவிட்டது. சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோகும்போதுகூட "உஸ்" என்றார்.

இறுதிப் போட்டியில் எதிராளி கொல்லத்துக்காரன். நெட்டையன், இளவட்டம். மொத்தம் நாலு சுற்று. முதல் சுற்றில் இவர் குத்துகள் நன்றாகவே விழுந்தன. மூச்சும் சீராக இருந்தது. நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது சுற்றிலிருந்து எல்லாம் மாறியது. இவர் கை போகும் இடத்தில் அந்தப் பையன் இல்லை. இடப்பக்கம் சாய்ந்து தப்பித்து, திருப்பிக் கொடுத்தான். மூன்றாம் சுற்றில் இவர் உதடு கிழிந்தது. களைத்துப்போனவர் மாதிரியும் தெரியவில்லை. பிறகு ஏன் ஒன்றுகூடப் படமாட்டேன் என்கிறது?

சட்டென்று எனக்குப் புரிந்தது. முற்றத்தில் பந்து இவர் கையை விட்டுக் கிளம்புமுன்பே நான் கைகளை விரித்துவிடுவேன். பார்த்து அல்ல, அந்த "உஸ்" சத்தத்தைக் கேட்டு. பையனும் அதையேதான் செய்துகொண்டிருந்தான்.

இடைவேளை மணி அடித்ததும் ஆட்களை இடித்துக்கொண்டு மூலைக்கு ஓடினேன். "யூசுப்! சத்தத்த கேட்டுத்தான் அவன் வெலகுதான்!"

சத்தத்தை நிறுத்தச் சொன்னால் இவர் பழையபடி தம் பிடிப்பார். நிறுத்தாவிட்டால் குத்து விழாது. யூசுப் நான் சொன்னதை அப்படியே இவர் காதில் போட்டார். இவர் தலையை ஆட்டினார். மண்டையில் ஏறியதா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசிச் சுற்று. "உஸ்" என்று சத்தம் வந்தது, கை அசையவில்லை. பையன் இடப்பக்கம் சாய்ந்தான். கையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டதோ என்று நினைத்தேன். மறுபடியும் "உஸ்". மறுபடியும் பையன் சாய்ந்தான். இந்த முறை இவர் கையுறை அந்தப் பக்கமே காத்திருந்தது. பையனின் தலை பின்னால் போனது. அதன் பிறகு இவர் சத்தம் போட்டால் குத்து வருமா வராதா என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு சத்தத்தை நம்பிச் சாய்ந்தான், குத்து பட்டது. நம்பாமல் நின்றான், அதுவும் பட்டது. நான் நாற்காலி மேல் ஏறி நின்று என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை.

முடிவு சொல்லும் வரை நடுவர் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். பெயரை மலையாளத்தில் அறிவித்தார்கள். இவர் கை உயர்ந்தது.

கயிற்றைத் தாண்டி இறங்கி நேரே என்னிடம் வந்தார். வீங்கிய உதட்டோடு, யாருக்கும் கேட்காமல், "ஏளா, இனி நான் மூட்டை தூக்கண்டாம், இல்லியா?" என்று கேட்டார்.

கல்யாணமான நாள் முதல் அந்த மூட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை இந்த மனிதர். முதுகை நீவிவிடவா என்று கேட்டாலும் எனக்கென்ன கேடு என்று சிரிப்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அத்தனை பேர் முன்னால் அவர் நெஞ்சில் குத்திக் குத்தி அழுதேன்.