சிலுவை அளக்கக் கொடுத்த செவிப்பறைகள்

கருங்கல் சந்தையில் ஆட்டிறைச்சி விற்ற சிலுவைக்கு ஒரே மகள் பூங்கனி. பிறந்ததிலிருந்தே அவளுக்குக் காது கேட்காது. 1934 மே மாதம், திருவனந்தபுரத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஜெபசீலன் விடுமுறைக்கு அதே ஊரில் இருந்த தன் மாமனார் வீட்டுக்கு வந்தார். ஆட்டின் செவிப்பறை எவ்வளவு விறைப்பானது, எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று அளப்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்கு ஆட்டுத்தலைகள் வேண்டும் என்று ஆள் விட்டார்.

சிலுவை மகளையும் கூட்டிக்கொண்டு போனார். ஜெபசீலன் கண்ணாடியால் வெளிச்சத்தைத் திருப்பி அவள் காதுக்குள் பார்த்தார். தட்டினால் அதிர்ந்து ஒலிக்கும் ஒரு இரும்புக் கவையைத் தட்டி அவள் நெற்றியில் வைத்தும் பார்த்தார்.

"கேக்க வச்சிரலாமா சார்?"

"முதல்ல இத அளந்து முடிப்போம். பெறவு பாக்கலாம்."

சிலுவை அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார்.

முதல் தலையை வழக்கம்போல ஓலைத்தீயில் மயிர் பொசுக்கிக் கொடுத்தார். செவிப்பறை சருகாய்க் காய்ந்திருந்தது, தொட்டதும் கிழிந்தது. பிறகு பொசுக்குமுன்பே காதை எலும்போடு வெட்டியெடுத்து, உப்புத்தண்ணீரில் நனைத்த துணியில் பொதிந்து, வெயில் ஏறுமுன் ஓடினார். ஜெபசீலன் அந்தப் பறையில் கடுகளவு கண்ணாடிச் சில்லை ஒட்டி, குழாய் வழியே காற்றை அழுத்துவார். சில்லிலிருந்து சுவரில் விழும் வெளிச்சப்புள்ளி எவ்வளவு நகர்கிறது என்று அளந்து எழுதுவார்.

சந்தையில் கேலி கிளம்பியது.

"ஏலே சிலுவை, ஆட்டுக்க காத எவன் தின்னான்?"

"தின்ன இல்ல, அளக்கக் குடுத்தேன்."

"அளக்கதுக்கு அதென்ன பொன்னா?"

"எனக்குப் பொன்னுதான். தலைய எடுத்துட்டுப் போ."

இப்படி இரண்டு கோடை விடுமுறைகள். வேலை முடிந்து ஜெபசீலன் பெட்டி கட்டிய அன்று, சிலுவை மகளுக்குப் புதுப்பாவாடை உடுத்திக் கூட்டிப்போனார்.

"அவளுக்குச் செவிப்பறை நல்லாத்தான் இருக்கு" என்றார் ஜெபசீலன். "கோளாறு உள்ள நரம்புல. அதுக்கு மருந்து கெடையாது."

"சாருக்கு எப்பம் தெரியும்?"

"முதல் நாளே."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"சொல்லியிருந்தா இவ்வளவு சிரத்தையா கொண்டு தந்திருப்பீரா?"

"தந்திருப்பேன் சார்" என்றார் சிலுவை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

ஜெபசீலன் ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. இந்தக் கதையைச் சொல்லும் எனக்கு இன்றும் அதுதான் மனம் ஆறவில்லை.

சிலுவையின் மனைவி வியாகுலம்மாள் மகளோடு கையசைத்தே பேசுவாள். கேட்கத்தானே போகிறது என்று சிலுவை அதைப் பழகாமலே இருந்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார்:

"நம்மள ஏமாத்திட்டான்னு இவளுக்கு எப்படிச் சொல்லது?"

வியாகுலம்மாள் கையைத் தூக்கினாள். கொஞ்சம் யோசித்தாள். "ஏமாத்துகதுக்குள்ள சைகைய நான் இவளுக்குப் படிச்சுக் குடுக்கல்லியே" என்றாள்.